எரிநட்சத்திரம் பார்த்தால் எழுத்து மறக்குமா?

 

இன்றைய பேச்சு எரிநட்சத்திரத்தைப் பற்றியது.

வானத்தில் ஒரு நட்சத்திரம் சர்ரென்று கோடு இழுத்தது போல ஓடி மறைவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மும்பையில் பார்க்காவிட்டாலும் ஊரில் பார்த்திருப்பீர்கள். களத்து மேட்டில் படுத்திருந்தபோது பார்த்திருப்பீர்கள். உடனே வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லியிருப்பார்: "அதைப் பார்க்காதே. பார்த்தால் மறதி வரும்." இன்னொருவர் சொல்லியிருப்பார்: "பார்த்துவிட்டாயா? சரி, உடனே ஒரு பச்சை மரத்தைப் பார். சரியாகிவிடும்." வேறு சிலர், "எங்கேயோ ஒரு உயிர் போய்விட்டது" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

மறதி வரும் என்ற பேச்சைப் படித்தவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். நாற்பது வயதிலும் ஐம்பது வயதிலும் எழுத்துக் கூட்டத் தொடங்கியவர்களுக்கு அது சிரிப்பாக இருப்பதில்லை. பகலெல்லாம் வேலை. ராத்திரி ஒரு மணி நேரம் படிப்பு. 'ன' எது, 'ண' எது என்று பிடிபடவே இரண்டு மாதம் ஆகிறது. ஊரிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைத் தானே படித்துச் சொல்வது என்பது அவர்கள் பாடுபட்டுச் சேர்த்த சொத்து. அந்தச் சொத்து, வானத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்ததால் போய்விடும் என்றால் யாருக்குத்தான் பயம் வராது?

போகாது. அதை முதலிலேயே சொல்லிவிடலாம். ஏன் போகாது என்பதைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டும்.

எரிநட்சத்திரம் என்பது நட்சத்திரமே இல்லை. பெயர்தான் அப்படி. வானத்தில் மின்னும் ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு சூரியன். நம் சூரியனைப் போன்றது. சில நட்சத்திரங்கள் சூரியனைவிடப் பல மடங்கு பெரியவை. வெகு தூரத்தில் இருப்பதால் புள்ளியாகத் தெரிகின்றன. அவற்றில் ஒன்று பூமியில் விழுவது என்பது நடக்காத காரியம். சந்தேகம் இருந்தால் சப்தரிஷி மண்டலத்தை எண்ணிப் பாருங்கள். தாத்தா காலத்திலும் ஏழு. அவருக்குத் தாத்தா காலத்திலும் ஏழு. இத்தனை வருடமாக எத்தனையோ எரிநட்சத்திரம் விழுந்தும், அந்த ஏழில் ஒன்றுகூடக் குறையவில்லை.

அப்படியானால் எரிவது எது? தூசு. சாதாரணத் தூசு. அதில் பெரும்பாலானவை மணல் அளவு, ரவை அளவு. கொஞ்சம் பெரிதானால் மிளகு அளவு. இவ்வளவு சின்னது எப்படி அவ்வளவு வெளிச்சம் தருகிறது? அதன் வேகம்தான் காரணம்.

மே மாதத்தில் வரும் எரிநட்சத்திரங்களின் வேகம் ஒரு விநாடிக்கு சுமார் 66 கிலோமீட்டர். சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனிலிருந்து கர்ஜத் 100 கிலோமீட்டர். லோக்கல் ரயிலில் போனால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். அந்தத் தூசு அதே தூரத்தை ஒன்றரை விநாடியில் கடந்துவிடும். ஜன்னல் ஓரத்தில் இடம் தேடுவதற்குள் கர்ஜத் வந்துவிடும்!

அந்த வேகத்தில் வரும் தூசு, பூமியைச் சுற்றியிருக்கும் காற்றுக்குள் நுழைகிறது. முன்னால் இருக்கும் காற்று விலக நேரம் இல்லை. அது அமுங்குகிறது. அமுங்கினால் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்று அடித்தவர்களுக்கு இது தெரியும். வேகமாக அடித்தால் பம்ப்பின் அடிப்பாகம் கையைச் சுடும். பம்ப்பில் இருப்பது கொஞ்சம் காற்று, கையின் வேகம். அங்கே விநாடிக்கு 66 கிலோமீட்டர் வேகம். தூசு வெந்து ஆவியாகிவிடுகிறது. அதுவும் சுற்றியிருக்கும் காற்றும் சேர்ந்து ஒளிவிடுகின்றன. கண்ணில் தெரியும் கோடு அதுதான். இதெல்லாம் தலைக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் நடக்கிறது. சாந்தாக்ரூஸில் ஏறும் பெரிய விமானம்கூடப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் பறப்பதில்லை. ஆகவே அந்த நெருப்பு யார் தலையிலும் விழாது. கண் வழியாக மூளைக்குள் புகுந்து 'ண'வை அழிக்கவும் அதற்கு வழி இல்லை.

அந்தத் தூசு எங்கிருந்து வருகிறது? இதற்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது.

சயான்-டிராம்பே சாலையில் மணல் லாரி போவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே தார்ப்பாய் சரியாகக் கட்டியிருக்க மாட்டார்கள். லாரி போன வழியெல்லாம் மணல் சிந்திக் கிடக்கும். லாரி எப்போதோ போயிருக்கும். பின்னால் அந்தச் சாலையைக் கடக்கிறவர் முகத்தில் மணல் அடிக்கும். வால் நட்சத்திரம் என்பது அந்த லாரி மாதிரி. அதுவும் நட்சத்திரம் இல்லை. பனிக்கட்டியும் தூசும் கலந்த உருண்டை. சூரியனுக்குப் பக்கத்தில் வரும்போது பனி ஆவியாகும். தூசு உதிரும். போன வழியெல்லாம் தூசு கிடக்கும். பூமி சூரியனைச் சுற்றி வரும்போது வருடத்துக்கு ஒரு தடவை, ஏறத்தாழ அதே தேதியில், அந்த வழியைக் கடக்கிறது. அப்போது ஒன்றன் பின் ஒன்றாக எரிநட்சத்திரங்கள் தெரியும். இதைத்தான் எரிகல் மழை என்கிறார்கள். மழை என்றதும் ஆடி மாத மழை போலக் கொட்டும் என்று நினைக்க வேண்டாம். கணக்கைப் பின்னால் பார்க்கலாம்.

கோடையில், மே 5, 6 தேதிகளை ஒட்டி வரும் எரிகல் மழைக்குக் காரணம் ஹாலி வால் நட்சத்திரம். இப்போது வயதானவர்களாக இருப்பவர்களுக்கு 1986 நினைவிருக்கலாம். ஹாலி வந்த வருடம் அது. அந்த வருடம் மார்ச் மாதம் ஜியோட்டோ என்ற விண்கலம் அதன் பக்கத்தில் போய்ப் படம் எடுத்தது. உருளைக்கிழங்கு மாதிரி கோணல்மாணலாக இருந்தது. கரியைப் போலக் கறுப்பு. நீளம் சுமார் 15 கிலோமீட்டர். சி.எஸ்.எம்.டி.யிலிருந்து குர்லா வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாலி என்பது ஒரு மனிதரின் பெயர். எட்மண்ட் ஹாலி, இங்கிலாந்துக்காரர். 1682-இல் ஒரு வால் நட்சத்திரத்தைப் பார்த்தார். பழைய குறிப்புகளைத் தேடினார். 1531-இலும் 1607-இலும் வந்த வால் நட்சத்திரங்கள் அதே பாதையில் போயிருந்தன. மூன்றுக்கும் இடையில் ஏறத்தாழ 76 வருடம். "இவை மூன்றும் ஒன்றுதான். 1758 வாக்கில் மறுபடி வரும்" என்று 1705-இல் எழுதி வெளியிட்டார். ஆனால் அவர் 1742-இல் இறந்துவிட்டார். 1758-ஆம் வருடம் கிறிஸ்துமஸ் அன்று அது வானத்தில் தென்பட்டது. அவர் இறந்து பதினாறு வருடம் கழித்து அவர் கணக்கு சரி என்று தெரிந்தது. அந்தப் பழைய குறிப்புகளை யாரோ எழுதி வைத்திருந்ததால்தான் அவரால் கணக்குப் போட முடிந்தது. சீனாவில் கி.மு. 240-லேயே இந்த வால் நட்சத்திரத்தைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஹாலி அடுத்தபடி வருவது 2061-இல். 2023 டிசம்பரில் அது தன் பாதையின் கடைக்கோடியைத் தொட்டுத் திரும்பிவிட்டது. இப்போது சூரியனை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு அதன் தூசு ஒவ்வொரு வருடமும் வருகிறது. இப்போது விழும் தூசு 1986-இல் உதிர்ந்தது இல்லை. பல நூறு வருடங்களுக்கு முன்னால் உதிர்ந்தது. இத்தனை காலம் இருட்டில் சுற்றிக்கொண்டே இருந்து, இன்று வந்து ஒரு விநாடியில் எரிந்து போகிறது.

உயிர் போகிறது என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1910-இலும் ஹாலி வந்தது. அந்த வருடம் மே 6-ஆம் தேதி இங்கிலாந்து ராஜா ஏழாம் எட்வர்டு காலமானார். வால் நட்சத்திரம்தான் அவரைக் கொண்டுபோனது என்று பேசிக்கொண்டார்கள். அமெரிக்காவில் வால் நட்சத்திர விஷத்துக்கு மாத்திரை என்று சொல்லிக் காசு பார்த்தவர்களும் உண்டு. பயம் இருக்கும் இடத்தில் வியாபாரியும் இருப்பான், அது எந்த ஊரானாலும் சரி. எட்வர்டு ராஜாவுக்கு 68 வயது. மூச்சுக் குழாயில் நோய். வால் நட்சத்திரம் வராவிட்டாலும் அவர் பிழைத்திருக்க மாட்டார். உலகத்தில் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான பேர் சாகிறார்கள். ஒவ்வொரு ராத்திரியும் எரிநட்சத்திரமும் விழுகிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டால் முடிச்சு விழத்தான் செய்யும்.

இனி மும்பைக்கு வருவோம்.

எரிகல் மழை பற்றி வெளிநாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால் ஆகஸ்ட் 12, 13 என்றுதான் இருக்கும். அங்கே கோடை அப்போதுதான். பெர்சியஸ் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் பக்கத்திலிருந்து வருகிற எரிகல் மழை அது. அங்கே ஜனங்கள் தோட்டத்தில் பாய் விரித்துப் படுத்துப் பார்ப்பார்கள். மும்பையில் ஆகஸ்ட் மாதம் பாய் விரித்தால் பாய்தான் நனையும். 2025 ஆகஸ்ட் 11 முதல் 21 வரை மும்பையில் சர்வதேச வானியல் ஒலிம்பியாட் போட்டி நடந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். நடத்தியவர்கள் மான்குர்ட்டில், செம்பூரைத் தாண்டியதும் இருக்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தார். போட்டிக்கு நடுவிலேதான் பெர்சியஸ் எரிகல் மழையின் நாளும் வந்தது. அது மும்பையின் மழைக்காலம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே மும்பைக்காரர்களுக்குக் கோடை எரிகல் மழை என்றால் மே மாதத்து மழைதான். பருவமழை சாதாரணமாக ஜூன் இரண்டாம் வாரம் இந்த நகரத்துக்கு வரும். 2025-இல் மே 26-ஆம் தேதியே வந்துவிட்டது. அதற்கும் முன்னால், மே முதல் வாரம் என்பது நல்ல சமயம். நாள் காட்டியில் மே 4-ஆம் தேதி வாக்கில் 'அக்னி நட்சத்திரம் ஆரம்பம்' என்று போட்டிருக்கும். அது கத்திரி வெயிலின் பெயர். எரிநட்சத்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தேதி மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வருகிறது. அதனால் நினைவில் வைப்பது சுலபம்.

நேரம் எது? விடியற்காலை மூன்று மணியிலிருந்து நாலே முக்கால் வரை. அதற்குப் பிறகு வானம் வெளுக்கத் தொடங்கிவிடும்.

இந்த நேரத்தைக் கேட்டதும் சிரிப்பு வரலாம். தாராவியில் பல சந்துகளில் அந்த நேரத்தில்தான் தண்ணீருக்கு எழுந்திருக்கிறார்கள். தகரக் கூரைக்குக் கீழே புழுக்கம் தாங்காமல் ஆண்கள் வாசலில் படுத்திருப்பார்கள். பெண்கள் ஹண்டாவையும் குடத்தையும் வரிசையில் வைத்துவிட்டுக் குழாயில் காற்று வரும் சத்தத்துக்குக் காது கொடுத்து நிற்பார்கள். உலகத்தில் மற்றவர்கள் அலாரம் வைத்து எழுந்து பார்க்கும் காட்சிக்கு இவர்கள் ஏற்கெனவே எழுந்து நிற்கிறார்கள். கண்தான் குடத்தில் இருக்கிறது.

குடம் என்றதும் இன்னொன்று. இந்த எரிநட்சத்திரங்களின் கோடுகளைப் பின்னோக்கி நீட்டினால் எல்லாம் வானத்தில் ஓர் இடத்தில் சேரும். சயான் ஸ்டேஷனில் நின்று பார்த்தால் தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்றாகச் சேர்வது போலத் தோன்றும் அல்லவா? உண்மையில் அவை சேர்வதில்லை. இதுவும் அந்த மாதிரித் தோற்றம்தான். அப்படிச் சேரும் இடம் கும்ப ராசியில் இருக்கிறது. கும்பம் என்றால் குடம். தாராவியில் குஜராத்திலிருந்து வந்த பானை செய்கிறவர்கள் வாழும் இடத்துக்குக் கும்பார்வாடா என்று பெயர் இருப்பதும் இந்தச் சொல்லை வைத்துத்தான். கும்ப ராசியில் நாலு சின்ன நட்சத்திரங்கள் சேர்ந்து தண்ணீர்க் குடமாக இருப்பதாக முன்னோர்கள் கற்பனை செய்தார்கள். அந்த நாலில் ஒன்றின் பக்கத்திலிருந்துதான் மே மாதத்து எரிநட்சத்திரங்கள் புறப்படுவது போலத் தெரியும். இங்கே கீழே குடத்தில் தண்ணீர் நிரம்பக் காத்திருக்கும் நேரத்தில் அங்கே மேலே குடத்திலிருந்து நெருப்பு சிந்துகிறது!

மும்பையில் அந்தக் குடம் ராத்திரி இரண்டே கால் மணி வாக்கில் கிழக்கே எழும். தாராவியிலிருந்து பார்த்தால் சயான், செம்பூர்ப் பக்கம். அது மேலே ஏற ஏற எரிநட்சத்திரம் கூடும். விடிகாலையில் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. செம்பூரில் ஆட்டோ ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள். மழையில் ஓடும்போது முன் கண்ணாடிதான் அதிகம் நனையும். பின் பக்கம் அவ்வளவு நனையாது. பூமியும் சூரியனைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கிறது. விடிகாலை நேரத்தில் நாம் நிற்கும் பக்கம், ஓடும் பூமியின் முன் கண்ணாடி. தூசு அங்கேதான் அதிகம் மோதும்.

வீட்டிலிருந்தே எப்படிப் பார்ப்பது? தொலைநோக்கி வேண்டாம். பைனாகுலர் வேண்டவே வேண்டாம். அதில் கொஞ்சம் இடம்தான் தெரியும், எரிநட்சத்திரம் எங்கே தோன்றும் என்று யாருக்குத் தெரியும்? வெறும் கண் போதும். கழுத்து வலிக்காமல் மல்லாந்து படுக்க ஒரு பாய்.

இடம்தான் கஷ்டம். 90 அடி சாலையை ஒட்டிய சந்துகளில் நிமிர்ந்து பார்த்தால் வானம் ஒரு ரிப்பன் அளவுதான் தெரியும். அந்த ரிப்பனிலும் வயர்கள். அதற்காகத் தகரக் கூரை மேலோ சிமென்ட் ஷீட் மேலோ ஏறக் கூடாது. ஷீட் உடைந்தால் கால் போகும். மின்சார வயர் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். ரயில் பாதை ஓரம் திறந்த வெளியாக இருக்கிறதே என்று அங்கே போகவும் கூடாது. உறுதியான மொட்டை மாடி உள்ள கட்டடம் பக்கத்தில் இருந்தால், முதல் நாளே போய்ச் சாவி கேட்டு வையுங்கள். மாடிக் கதவைப் பூட்டி வைத்திருக்கும் சொசைட்டிகள் அதிகம். "எதற்கு?" என்று கேட்பார்கள். விஷயத்தைச் சொன்னால் செக்ரட்டரியும் கூட வந்து உட்கார்ந்தாலும் உட்காரலாம். நாலைந்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து போவது நல்லது. தனியாகப் போக வேண்டாம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மாடி வசதி உள்ளவர்கள் தாராவி உறவுக்காரர்களை அன்று ராத்திரி படுக்கக் கூப்பிடலாமே.

தெரு விளக்கு கண்ணில் நேராகப் படாதபடி ஒரு சுவரை மறைவாக வைத்துக்கொள்ளுங்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். அதுவரை ஒன்றுமே தெரியாது போல இருக்கும். பொறுமை வேண்டும். நடுவில் மொபைலை எடுத்து ஒரு தடவை பார்த்தால் போச்சு, மறுபடியும் முதலிலிருந்து இருபது நிமிடம். கும்ப ராசியையே உற்றுப் பார்க்க வேண்டாம். தலைக்கு மேலே, வானம் எங்கே அதிகம் தெரிகிறதோ அங்கே பாருங்கள்.

நிலா இருந்தால் வெளிச்சத்தில் சின்னக் கோடுகள் மறைந்துவிடும். அதை நாள் காட்டியிலேயே பார்த்துக்கொள்ளலாம். அமாவாசை, பௌர்ணமி எல்லாம் அதில் இருக்கிறது. எழுத்துப் படித்ததற்கு இதைவிட நல்ல உபயோகம் வேண்டுமா? 2027-ஆம் வருடம் மே 6 அமாவாசையோடு சேர்ந்து வருகிறது. அந்த வருடம் நிலாத் தொந்தரவு இல்லை.

இப்போது கணக்கு. உண்மையைச் சொல்ல வேண்டும். மும்பை வெளிச்சமான ஊர். கடல் ஈரமும் புகையும் வேறு. ஒரு மணி நேரம் படுத்திருந்தால் மூன்று நாலு தெரிந்தாலே பெரிய விஷயம். ஒன்றுகூடத் தெரியாமல் எழுந்து போகும் ராத்திரியும் உண்டு. கர்ஜத் பாதையில் வாங்கணி என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. மும்பையின் வானம் பார்க்கும் சங்கத்தார் அங்கேதான் ராத்திரி தங்கிப் பார்ப்பார்கள். ஹாலி வந்த சமயத்தில் தொடங்கிய ககோல் மண்டல் அப்படி ஒரு சங்கம். இருட்டான இடம் என்பதால் அங்கே பல மடங்கு தெரியும். அதைவிட நல்ல இடம் வேறு இருக்கிறது: சொந்த ஊர். மே மாத லீவுக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் பிடித்துப் போகிறவர்கள் யோகக்காரர்கள். ஊர் இருட்டு. தெற்கே போகப் போகக் கும்பமும் இன்னும் கொஞ்சம் உயரமாக எழும். திருநெல்வேலிப் பக்கத்து மொட்டை மாடியில் படுத்தால் மும்பையில் பார்ப்பதைவிட நிறையப் பார்க்கலாம். பாட்டி, "பார்க்காதே" என்பார். அவரையும் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும். மேலே தேதி எழுதுங்கள். இடம் எழுதுங்கள். தொடங்கிய நேரம் எழுதுங்கள். ஒவ்வொரு எரிநட்சத்திரத்துக்கும் ஒரு கோடு போடுங்கள். முடித்த நேரம் எழுதுங்கள். இருட்டில் எழுத்துக் கோணலாக வரும், பரவாயில்லை. ஒன்றும் தெரியாவிட்டால் '0' என்று எழுதுங்கள். அதுவும் கணக்குத்தான். இந்த மாதிரி சாதாரண ஜனங்கள் எண்ணிய கணக்குகளை 1988-இல் தொடங்கிய சர்வதேச எரிகல் அமைப்பு உலகம் முழுவதிலிருந்தும் சேகரிக்கிறது. எந்த வருடம் தூசு அதிகம், எந்த வருடம் குறைவு என்று அதை வைத்துச் சொல்கிறார்கள். எழுதியவர் எத்தனாவது வகுப்புப் படித்தார் என்று நோட்டு கேட்பதில்லை. எழுத்து மறந்துபோவதற்கு நிஜக் காரணம் ஒன்று உண்டென்றால், அது எடுத்துப் படிக்காமலும் எழுதாமலும் விடுவதுதான். எரிநட்சத்திரம் பார்க்கிறவர் அன்றைக்கு நாலு வரியாவது எழுதிவிடுகிறார்.

ஓடுவதெல்லாம் எரிநட்சத்திரம் என்று கோடு போட்டுவிடக் கூடாது. குர்லா மேலே இறங்கும் விமானத்துக்கு விளக்கு மின்னி மின்னி அணையும். செயற்கைக்கோள் மின்னாமல் நிதானமாக ஊர்ந்து போகும், வானத்தைக் கடக்கச் சில நிமிடம் எடுக்கும். எரிநட்சத்திரம் ஒரு விநாடி, மிஞ்சினால் இரண்டு விநாடி. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

இன்னொரு வகையும் இருக்கிறது. 2022 ஏப்ரல் 2, குடி பாட்வா அன்று சாயங்காலம், மகாராஷ்டிரத்தில் பல ஊர்களில் ஜனங்கள் வானத்தில் நெருப்புப் பந்துகள் வரிசையாக ஊர்ந்து போவதைப் பார்த்தார்கள். எரிகல் மழை என்றார்கள். சிலர் பயந்தார்கள். சந்திரபூர் மாவட்டத்தில் லாட்போரி என்ற கிராமத்தில் ஒரு பெரிய இரும்பு வளையம் போன்ற பொருள் விழுந்தது. சீன ராக்கெட் ஒன்றின் பாகம் திரும்பி வந்து எரிந்திருக்கிறது என்று வானியல் அறிஞர்கள் சொன்னார்கள். அது எரிநட்சத்திரம் இல்லை என்பதற்கு அடையாளம், அது மெதுவாக, துண்டு துண்டாக, வெகுநேரம் போனதுதான். அப்படி ஏதாவது பொருள் கிடந்தால் தொடக் கூடாது. போலீசுக்குச் சொல்ல வேண்டும்.

கல் விழவே விழாதா என்று ஒரு கேள்வி வரும். எரிகல் மழையில் வருவது தூசு. மேலேயே தீர்ந்துவிடும். ஆனால் தனியாகப் பெரிய கல் எப்போதாவது வரும். இதே மகாராஷ்டிரத்தில் புல்டாணா மாவட்டத்தில் லோணார் ஏரி இருக்கிறது. மனிதன் எழுதத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்னால் ஒரு பெரிய கல் கரும்பாறையில் மோதித் தோண்டிய பள்ளம் அது. குறுக்களவு சுமார் 1.8 கிலோமீட்டர். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவில் செல்யாபின்ஸ்க் ஊருக்கு மேலே சுமார் 20 மீட்டர் அகலமுள்ள கல் ஒன்று காற்றில் வெடித்தது. சுமார் 1,500 பேருக்குக் காயம். கல் யார் மேலும் விழவில்லை. பளீரென்று வெளிச்சம் வந்ததும் என்னவென்று பார்க்க ஜன்னலுக்கு ஓடினார்கள். வெளிச்சம் முதலில் வரும், அதிர்ச்சி அலை பிறகு வரும், இடி மின்னலைப் போல. அலை வந்து கண்ணாடியை உடைத்தது. காயத்தில் பெரும்பாலானவை கண்ணாடிக் காயம்தான். ஆகவே எப்போதாவது பகல் போல ஒரு வெளிச்சம் வானத்தில் வந்தால், சில நிமிடம் ஜன்னலை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தேவைப்படாத அறிவுரை இது. தெரிந்திருக்கட்டும்.

மே மாதம் மேகம் வந்து கெடுத்துவிட்டால் வருத்தப்பட வேண்டாம். ஹாலி சிந்திய தூசை பூமி வருடத்தில் இரண்டு தடவை கடக்கிறது. இரண்டாவது தடவை அக்டோபர் 21, 22 வாக்கில். மும்பையில் மழை விட்டிருக்கும். தீபாவளிப் பட்டாசுப் புகை மட்டும் சில வருடம் குறுக்கே வரும். பிறகு டிசம்பர் 13, 14-இல் மிதுன ராசிப் பக்கத்திலிருந்து வருவது எல்லாவற்றையும்விடப் பெரியது. அதற்கு விடிகாலை வரை காத்திருக்கவும் வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கே தொடங்கலாம், சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவிவிட்டு. கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். மிதுன ராசி எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு மூன்று நட்சத்திரம் வரிசையாக இருக்கும் மிருகசீரிடக் கூட்டத்தைத் தெரிந்திருக்கும். அதற்கு வடகிழக்கே, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் தெரியும். அவைதான் மிதுனம்.

நோட்டில் இரண்டாவது பக்கம் அதற்கு இருக்கட்டும்.